நான் பார்த்துச் சொன்ன வயிறுகள்

ஒன்பது வருடம் குஞ்சு பிரித்தேன். நாமக்கல்லுக்கு வெளியே ஒரு ஹேச்சரி. கோழிமுட்டையை மெஷினில் வைத்துப் பொரிக்கிற இடம். இருபத்தொரு நாளில் பொரித்துவரும் குஞ்சுகளைத் தட்டுத்தட்டாகக் கொண்டுவந்து எங்கள் முன்னால் கொட்டுவார்கள். ஒரு குஞ்சை எடுத்து இடது கையில் வைத்து, கட்டைவிரலால் இறக்கையை விரித்துப் பார்க்க வேண்டும். இறகு ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாறி மாறி இருந்தால் பொட்டை. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சேவல். பொட்டை வலது பக்கப் பெட்டிக்கு; தடுப்பூசி போட்டுக்கொண்டு பண்ணைக்குப் போகும். சேவல் இடது பக்க டிரம்முக்கு. முட்டைக்கென்று வளர்க்கிற ஜாதியில் சேவல் எதற்கும் ஆகாது. முட்டை போடாது, கறிக்கும் தேறாது. கொஞ்சத்தைச் சாயத்தில் முக்கிச் சந்தையில் விற்க ஒரு ஆள் வந்து அள்ளிக்கொண்டு போவான். மிச்சம் குழிக்குப் போகும்.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி தலையை ஆட்டி, "அங்கே ஆண் வேண்டாம், நம்ம ஊர்ல பெண் வேண்டாம், பாருங்க" என்பார்கள், பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு. எனக்கு எரிச்சல் வரும். எங்கள் ஹாலில் வேலை செய்த அத்தனை பெண்களுக்கும் முதல் நாளே தோன்றிய விஷயம் அது. தோன்றிய பிறகும் மறுநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறி வேலைக்கு வந்தோம். நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி.

நான் யார், எதற்காக இருக்கிறேன் என்றெல்லாம் உட்கார்ந்து யோசிப்பது வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு உண்டான காரியம் என்றுதான் நாற்பது வயது வரை நினைத்திருந்தேன். யோசிக்காமல் இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. யோசித்தால் என்ன கிடைக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

என் பிறந்த வீடு ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில், மரவள்ளிக் காட்டுக்குள் தனியாக இருக்கிறது. ஓமலூர் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஏழு வருடம் குழந்தை இல்லை. எட்டாவது வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வா என்று அனுப்பிவைத்தார்கள். திரும்ப அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஆடி முடிந்து ஆவணியில் அவருக்கு வேறு கல்யாணம் ஆகிவிட்டது. சண்டை, பஞ்சாயத்து எதுவும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன்.

பிறந்த வீட்டில் அம்மாவும் தம்பியும். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சோறு இருந்தது, பாய் இருந்தது. ஆனால் விசேஷம் என்று வந்தால் என்னை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் வளைகாப்பில் பிள்ளை பெற்ற பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள். என்னைப் போன்றவளைக் கூப்பிட மாட்டார்கள். யாரும் வராதே என்று சொல்வதில்லை. அந்த நேரம் பார்த்து, "பந்திக்கு இலை போட்டாச்சான்னு பாரு அம்மிணி" என்பார்கள். நானும் போய் இலையைப் பார்ப்பேன். இப்படி எத்தனை வளைகாப்புக்கு இலை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கைக்கு வேலை இருந்தால் போதும் என்றுதான் ஹேச்சரிக்குப் போனேன்.

வேலை எனக்கு வந்தது. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். மூன்றே மாதத்தில் அந்த ஹாலிலேயே வேகமான கை என்னுடையது. குஞ்சின் சூடு கையில் பட்ட மாத்திரத்தில் கட்டைவிரல் தானாக இறக்கையை விரிக்கும், கண் பார்ப்பதற்குள் கை முடிவு செய்துவிடும். சூப்பர்வைசர் என் பெட்டியைத் திரும்பச் சரிபார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு ஆயுத பூஜைக்கு அவர் மனைவி வந்திருந்தாள். நிறைமாதம். பொரி, சுண்டல் கொடுத்துக்கொண்டு வரும்போது கூட்டத்தில் ஒருத்தி, "ஏக்கா, நாள் பூரா பாக்கறீங்க, இதையும் பாத்துச் சொல்லிருங்க" என்று என்னைச் சீண்டினாள். நானும் விளையாட்டுக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, குஞ்சின் இறக்கையை விரிக்கிற மாதிரியே விரல்களை விரித்து, உற்றுப் பார்த்து, "சேவலுங்க" என்றேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. அடுத்த மாதம் ஆண் குழந்தை பிறந்தது. சூப்பர்வைசர் எனக்கென்று தனியாக ஒரு டப்பா லட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கப்புறம் வேனில் வருகிற ஒருத்தியின் நாத்தனாருக்கு. பிறகு அவளுக்குத் தெரிந்த ஒருத்திக்கு. ஸ்கேன் எடுக்கிற இடங்களில் சொல்ல மாட்டார்கள், சொல்வது குற்றம் என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருப்பார்கள். திருட்டுத்தனமாகச் சொல்கிற இடம் எல்லோருக்கும் எட்டாது. என்னிடம் வர ஒரு டவுன் பஸ் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். மாமியார்கள் கூடவே வந்தார்கள். நான் விரலை விரித்துப் பார்ப்பேன், வயிற்றில் கை வைப்பேன், நாலு அடி நடக்கச் சொல்வேன். எல்லாம் நானே கட்டிவிட்ட கதை. தப்பாகப் போனாலும் அவர்களே எனக்குச் சமாதானம் சொன்னார்கள். "அன்னைக்கு அமாவாசைங்க, அதான் சரியா தெரிஞ்சிருக்காது" என்று ஒருத்தி எனக்கே விளக்கினாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதிப் பிரயோசனமில்லை. வளையல் போடக் கூப்பிடாத கையை வயிற்றில் வைக்கக் கூப்பிட்டார்கள். அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. சந்தைக்குப் போகும்போது, "எம்பொண்ணு கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க" என்று தானே ஆள் சேர்த்தாள். வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு, காபி வைத்துக் கொடுத்தாள். அதுவரை என்னைப் பற்றி நாலு பேரிடம் பேசுவதற்கு அவளிடம் ஒன்றுமே இருந்ததில்லை.

ஹேச்சரியில் என் பக்கத்து ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய்த்துடுக்கு. இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது உண்டாகி நாலு மாதம் முடிந்தபோது, ஒருநாள் டீ நேரத்தில் கையை நீட்டினாள். "எனக்கும் பாருங்கக்கா. எங்க மாமியா கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."

முந்தின நாள் வேனில் அவள், "இந்தக்காவுக்கு என்ன தெரியும், குத்துமதிப்பா அடிச்சு உடறாங்க" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்திருந்தது. உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. கையை வாங்கினேன். விரலை விரித்தேன். நன்றாக நேரமெடுத்துக்கொண்டு, "பொட்டை" என்றேன். கோபத்தில் சொன்னேனா, காலையிலிருந்து வாயில் அந்தச் சொல்லே ஊறிக் கிடந்ததால் சொன்னேனா, எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அவள் முகம் மாறியது. மாறியதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி வந்தது. அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. பதினைந்து நாள் கழித்து வந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெளுத்துப் போயிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, குஞ்சை எடுத்து இறக்கையை விரித்தாள். ஒரு தட்டு முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அக்கா, அது பையனுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அங்க எடுத்துட்டுக் காட்டினாங்க. பையன்."

"ஸ்கேன் பாத்துட்டுப் போகலியா கண்ணு?"

"நீங்க சொன்னதுக்கப்பறம் அது வேற எதுக்குன்னு மாமியா சொல்லிருச்சுங்க. இப்ப அதுதான் தெனமும் அழுகுது." அடுத்த குஞ்சை எடுத்துக்கொண்டே, "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

என்னைத் திட்டியிருக்கலாம். டிரம்மைத் தூக்கி என் தலையில் கவிழ்த்திருக்கலாம். அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

நான் வழக்கம்போல எனக்காக வாதாடிப் பார்த்தேன். போகச் சொன்னது மாமியார். செய்தது வேறு யாரோ. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான், கேட்டதால் சொன்னேன். இந்த வாதத்தில் ஒன்றும் குறையில்லை. ஆனாலும் அது பையன், அது பையன் என்றே மனசு அடித்துக்கொண்டது. பத்து நாள் அப்படிப் போனபிறகு, ஒரு காலையில் வேன் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, எனக்கே ஒரு கேள்வி வந்தது. அது பெண்ணாக இருந்திருந்தால்?

பெண்ணாக இருந்திருந்தால் நான் சொன்னது சரியாகப் போயிருக்கும். அவள் திரும்பி வந்து, "நீங்க சொன்ன மாதிரியே இருந்துதுங்கக்கா" என்றிருப்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த குஞ்சை எடுத்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் நாற்காலி போட்டிருக்கும். இத்தனை நாள் நான் அழுதது ஒரு உயிருக்காக இல்லை, ஒரு பையனுக்காக. அவளுடைய மாமியாருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்த நினைப்பு அதோடு நிற்கவில்லை. நான் சொன்னது பலித்தது என்று எப்படித் தெரிந்தது? பையன் என்று சொன்ன வீடுகளிலிருந்து லட்டு வந்தது, அதனால் தெரிந்தது. பொட்டை என்று சொன்ன வீடுகளிலிருந்து? யார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பாருங்க, தப்பாச் சொல்லிட்டீங்க" என்று காட்டினார்கள்? பொட்டை என்று கேட்டுக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவேயில்லை. ஏன் வரவில்லை என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பிறந்து வந்து என்னைப் பொய்யாக்க வேண்டியவர்கள் பிறக்கவே இல்லை. அதனால்தான் எனக்கு ராசியான கை என்று பெயர்.

வேன் எங்கள் ஹேச்சரி கேட்டில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து டிரைவர், "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். இறங்கிப் போய் வேலையைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

அதிலிருந்து யாருக்கும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கை சரியில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். வாயை மூடிக்கொண்டால் பாவம் சேராது என்று நினைத்தேன். அதுவும் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று என் வீட்டுக்குள்ளேயே தெரிந்தது.

தம்பிக்குக் கல்யாணமாகி முதலில் ஒரு பெண் குழந்தை, அப்போது நாலு வயது. அவன் மனைவி இரண்டாவது உண்டானாள். அமைதியான பெண், என்னை அண்ணி அண்ணி என்று சுற்றி வருவாள். மூன்று மாதம் முடிந்ததும் அம்மா சொன்னாள். "நல்ல நாள் பாத்து ஊட்டுப் புள்ளைக்கும் பாத்துச் சொல்லீரு அம்மிணி."

"நான் இப்பல்லாம் பாக்கறதில்லம்மா."

"ஊருக்கெல்லாம் பாத்தியே."

"எனக்குத் தெரியலம்மா. விடு."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செரி. புரிஞ்சுபோச்சு, உடு" என்று எழுந்து போய்விட்டாள்.

என்ன புரிந்தது என்று எனக்குப் புரிய நாலு நாள் ஆனது. தண்ணீர்த் தொட்டியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். தம்பி மனைவி துணியைப் பிழிந்துகொண்டே, "வியாழக்கெழமை எங்கியோ போகோணும்ங்கறாங்க அண்ணி. எந்த ஊருன்னு கேட்டா சொல்ல மாட்டீங்கறாங்க. மாத்துச்சேலை ரெண்டு எடுத்து வெச்சுக்கச் சொன்னாங்க" என்றாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கண்ணை நிமிர்த்தவே இல்லை.

நான் பையன் என்று சொல்லவில்லை. அதனால் பெண் என்று முடிவுகட்டிவிட்டார்கள். கெட்ட செய்தியை வாயால் சொல்ல மனசில்லாமல் மழுப்புகிறாள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அப்படியானால் நான் கை சரியில்லை என்று திருப்பி அனுப்பினேனே, அந்தப் பெண்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? அதை நினைக்க அப்போது நேரமில்லை. ஈரக் கையோடு வீட்டுக்குள் போனேன். அம்மா முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பையன்" என்றேன்.

முறம் நின்றது. "என்ன சொல்ற?"

"பையன்தாம்மா. கண்ணு பட்டுரும்னுதான் அன்னைக்குச் சொல்லல."

எனக்கு ஒன்றும் தெரியாது, எப்போதுமே தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று தொட்டியடியிலிருந்து வீட்டு வாசலுக்கு நடக்கிற நேரத்திலேயே யோசித்துப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை போகிற இடத்தில் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள். அவ்வளவுதான் மாறும். உண்மையால் ஆகிற காரியம் அங்கே எதுவும் இருக்கவில்லை.

அம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு வேறு கல்யாணம் ஆன சேதி வந்த அன்றைக்குக்கூட அவள் என்னைக் கட்டிக்கொண்டதில்லை. அவள் தோளில் சாய்ந்தபடி, அவள் சந்தோஷத்தில் நானும் கொஞ்சம் குளிர்காய்ந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வியாழக்கிழமை எங்கும் போகவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு. கூடம் நிறைய ஆள். நான் பழக்கதோஷத்தில் இலை பார்க்கக் கிளம்பினேன். "நீ எங்க போற? வா, முதல் வளையல் நீதான் போடோணும்" என்று அம்மா எல்லோர் முன்னாலும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். சொந்தக்காரப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு நாற்பது வயது. முதல் முறையாக ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு வளையல் போட்டேன்.

சந்தனம் பூசக் குனிந்தபோது தம்பி மனைவி என் காதில் கேட்டாள். "அண்ணி, நெசமாலுமே பையன்தானுங்களா?"

"ஆமா சாமி" என்றேன்.

ராசிபுரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா வெளியே சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி போய் வண்டியின் மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தையை நான்தான் முதலில் வாங்கினேன். நிறைய முடி. கையைப் பொத்திக்கொண்டு, யாரோ தட்டி எழுப்பிவிட்ட கோபத்தோடு அழுதது. நான் பார்த்துச் சொன்ன வயிறுகளில், பொட்டை என்று சொல்லாததால் தப்பி வந்த ஒன்று. இதற்காகத்தான் நான் பிறந்தேனோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணமே அது எவ்வளவு வசதியான நினைப்பு என்றும் தோன்றியது. ஒன்றைக் காப்பாற்றியதை வைத்து மற்றவற்றைக் கழித்துவிட முடியாது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தெரிஞ்சே சொன்னியா, தெரியாமச் சொன்னியா?"

"தெரியாது."

"என்ன தெரியாது?"

"எதுவுமே தெரியாதும்மா. இவளுக்கு மட்டுமில்ல. யாருக்குப் பாத்தப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியாது. வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

அம்மாவின் கண்கள் எதையும் பார்க்காமல் அசைந்தன. ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர்களில் பாதிப் பேரை அவள்தானே வரச் சொன்னாள். கடைசியில், "இத வெளிய சொல்லிராத" என்றாள். அதற்கப்புறம் இன்றுவரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள். கொஞ்சவில்லை.

ஊரில் என் பெயர் கெட்டது. சொந்தத் தம்பி வீட்டிலேயே தப்பாகப் போய்விட்டது, கை போச்சு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசல் காலியானது. நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முதல் சில வாரம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துகொண்டிருந்தவர்கள் வேறு எங்கோ போக ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என்னிடம் வந்திருந்தால் எல்லோருக்கும் பையன் என்று பொய்யாவது சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நாளாக இருந்த இருமல் அதிகமாகி, குஞ்சு மயிர்த்தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதில் வேலையை விட்டேன். கைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. பொட்டை என்று சொன்ன வீடுகளில் எனக்கு இடம் தெரிந்தது ஆறு. போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வாழ்க்கையில் செய்தே தீரவேண்டியது ஒன்று இருக்கிறது என்றால், எனக்கு இதுதான் தோன்றியது. அம்மாவிடம் சொல்லவில்லை.

முதல் வீட்டில் மாமியார் என்னை உள்ளே விடவில்லை. இரண்டாவது வீட்டில் அந்தப் பெண் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அதெல்லாம் நான் மறந்துட்டேனுங்க, நீங்க ஏன் கிளறறீங்க?" என்றாள். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் கூழாங்கல்லை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். "நீங்க பொட்டைன்னீங்க, பொட்டையே பொறந்துதுங்க. என்ன கைங்க உங்களுது" என்று அவள் அம்மா என்னைப் புகழ்ந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு முறை சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவதாகத்தான் பக்கத்து ஸ்டூல்காரியின் வீட்டுக்குப் போனேன். அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கப் பார்த்து, முடியாமல் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து ஒரு ஆள் கொண்டுவந்து கொடுக்கிற கொலுசுக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். நான் சொல்ல வந்ததை வளர்த்தாமல் சொன்னேன். அவள் குறடால் வளையத்தை நெருக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு என்ற கையப் புடிச்சு அவ்வளவு நேரம் பாத்தீங்களே, அதுல ஒண்ணுமே தெரியலீங்களா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் எதுக்குங்கக்கா சொன்னீங்க?"

வழியெல்லாம் அதற்கு நான் பதில் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தேன். அவள் வேனில் சிரித்தது, என் கோபம், என் அறியாமை எல்லாம் அதில் இருந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் அவை ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீங்க எல்லாரும் என்னையக் கூப்பிட்டுக் கேட்டீங்க" என்றேன். "அதுக்கு முன்னால என்னைய யாரும் எதுக்கும் கூப்பிட்டதில்ல சாமி. அதுக்குத்தான் சொன்னேன்."

அவள் குறடைக் கீழே வைத்தாள். அழவில்லை. தெருமுனையில் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"புள்ளைங்க வந்துருச்சுங்க. அதுங்களுக்கு ஒரு தம்பி இருந்தான்னு தெரியாது" என்றாள். "நீங்க கெளம்புங்கக்கா."

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் இரண்டு வீடு இருக்கிறது.